போர் ஓய்ந்த பின்



சாரற்காலத்தில் குற்றாலம் சென்று அருவியாடி மகிழ்வோர், தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையிலே சிறிது தூரம் போனால் கடையம் என்னும் ஊரைக் காண்பர். பாரதியாரின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர் அது. பாரதியாரும் அங்கே வாழ்ந்தார் என்பது பலரும் அறிந்ததே. எத்தகைய நிபந்தனைகளின் கீழ் வாழ்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

1908 முதல் பத்தாண்டுக் காலம் புதுச்சேரியில் தங்கியிருந்த அவர், 1918 நவம்பர் 20ஆம் நாள் ஆங்கில ஆட்சியின் எல்லைக்குள் கால் வைத்தார். கடலூருக்கு அருகே கைது செய்யப்பட்டார். முதல் உலகப் போரோ அதே மாதம் 11ஆம் நாளே ஓய்ந்துவிட்டது! ஆனால் இந்தியாவுக்குள் நுழைவோரைக் கட்டுப்படுத்தவென்று, போர் தொடங்கிய 1914இல் பிறப்பித்த அவசரச் சட்டம் ஓயவில்லை. அதுதான் அவரைப் பிடித்தது. மூன்று வாரங்களுக்குப் பின்னர் விடுதலை கிடைத்தது. நிபந்தனைகளும் உடன் வந்தன. திருநெல்வேலி ஜில்லாவில் குறித்த இடங்களிலேயே வசிக்க வேண்டும், அரசியலில் தலையிடலாகாது, எழுதுவனவற்றை அச்சிடுமுன் போலீஸ் அதிகாரியின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். நாட்டின் பெருங்கவிஞர் ஒருவரின் எழுத்துக்குப் போலீஸ்காரர் முதல் வாசகர்! 1920இல்தான் அத்தடைகள் நீங்கின. 'சுதேசமித்திர'னில் மீண்டும் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். புதுச்சேரியை விட்டபின் அவருக்கு எஞ்சியிருந்த வாழ்நாள் மூன்றாண்டுகூட இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

1915ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் போருக்குப்பின் ஆறு மாதத்தில் காலாவதியாக வேண்டியது. அதன் அதிகாரங்களைக் கைவிட மனமில்லாத சர்க்கார், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தரும் ரௌலட் சட்டத்தை 1919 மார்ச்சில் இயற்றிற்று. அதை எதிர்த்த கிளர்ச்சியின் நடுவே, ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. சிலருக்கேனும் வாக்குரிமையை விரிவாக்கிய சீர்திருத்தச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்நியர் செய்தது என்று தள்ளிவிடலாமா? சீனப் போர் 1962 நவம்பரில் ஒரே மாதத்தில் ஓய்ந்தது. அதற்காக அக்டோபர் 26இல் பிரகடனம் செய்யப்பட்ட நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. இடையில் 1965இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டது உண்மையே. ஆயினும் அந்த ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட காலத்தை இரு போர்களும் நிரப்பிவிடவில்லை. 1971 டிசம்பர்ப் போர் இரண்டே வாரத்தில் முடிந்தது. அதற்கான பிரகடனம் 1977 மார்ச்சில்தான் நீங்கிற்று. 1975 ஜூனில் உள்நாட்டு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது பழைய போர்க்காலப் பிரகடனமும் நடப்பில் இருந்தது!

இது எவ்வாறு இயன்றது? அரசியல் சட்டத்தின் 352ஆவது பிரிவுப்படி பாராளுமன்றம் ஒரு முறை ஒப்புதல் அளித்தால் போதும். முடிவு நாள் என்று ஒன்று கிடையாது. 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் அதை மாற்றிற்று. இப்பொழுது ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரு அவைகளும் பெரும்பான்மையுடன் ஒப்புதல் தராவிடில் பிரகடனம் தானே வீழும். இடையிலேயே மக்களவை மறுத்துத் தீர்மானம் செய்தாலும், குடியரசுத் தலைவர் அதை நீக்கியாக வேண்டும்.