பொய்ப்பூச்சி கட்டும் கலை



தூண்டில் என்றதும் மண்புழுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், குளிர்ந்த ஏரிகளில் வாழும் டிரவுட் மீனைப் பிடிப்போரிற் பலர் புழுவைத் தொடுவதே இல்லை. இறகையும் நூலையும் கொண்டு தூண்டில் முள்ளின்மீது ஒரு பொய்ப்பூச்சியைக் கட்டி, அதை மெய்யென்று மீன் நம்பும்படி செய்கிறார்கள். நம் நீலகிரியிலும் ஆங்கிலேயர் இம்மீனைக் கொணர்ந்து வளர்த்தனர். எனினும், ஏரி மீனுக்கான பொய்ப்பூச்சி எவ்வாறு திருந்தியது என்பதை அறிய இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிக்குச் செல்லவேண்டும்.

அங்கே பிளாக்டன் என்னும் குடிநீர்த் தேக்கத்தில் 1904-இல் டிரவுட் மீன்பிடிப்புத் தொடங்கியது. முதலில் வந்தவர்கள், சால்மன் மீனுக்கென்று கட்டிய பெரிய, பகட்டான பொய்ப்பூச்சிகளையே வீசினார்கள். இயற்கையிலுள்ள எந்தப் பூச்சியையும் அவை ஒத்திருக்கவில்லை. பிற்காலத்தில் அவ்வேரிக்கு வந்த ஹோவர்ட் பெல் என்னும் மருத்துவரோ, தாம் பிடித்த மீனின் இரைப்பையைத் திறந்து, அது எதை உண்டது என்று ஆராய்ந்தார். அவருடைய கவனத்தை ஈர்த்த இரைகளுள் ஒன்று, கொசுவையொத்த, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் கூட்டுப்புழு.

அப்பூச்சியின் புழு ஏரியின் அடிச்சேற்றில் வளர்கிறது. கூட்டுப்புழுப் பருவம் முற்றியதும், மெல்ல மெல்ல மேலே எழுகிறது. நீர்ப்பரப்பின் அடியில் சிறிது நேரம் தொங்குகிறது. பின்னர் முதுகுத்தோல் பிளக்க, சிறகுள்ள பூச்சி வெளிவருகிறது. கோடைகாலத்து மாலைகளில் இவை திரளாக எழும். பறக்கவும் இயலாமல், ஒளியவும் இடமில்லாமல் தொங்கும் அந்த வேளையே டிரவுட்டுக்கு விருந்து வேளை.

இதைப் போலக் கட்டுவது எளிது. சிறு முள்ளைப் பற்றுக்கருவியில் இறுக்குங்கள். கறுப்பு நூலை முள்ளின் வளைவுவரை நெருக்கமாகச் சுற்றினால் உடல் ஆயிற்று. அதன்மேல் பொன்னிற இழையை இடைவெளிவிட்டுச் சுற்றினால் உடலின் கணுக்கள் தோன்றும். மார்பு பருத்துத் தெரிய மயிற்பீலியின் இழை ஒன்றிரண்டு போதும். மூச்சிழைகளுக்காகத் தலையில் வெண்ணூற் குஞ்சம் ஒன்று வைத்து முடிச்சிடுங்கள். கண்ணும் காலும் வேண்டியதில்லை. அளவும் வடிவமும் பொருந்தவேண்டும். நீரில் அது நிற்கும் ஆழம் பொருந்தவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அசைவு பொருந்தவேண்டும். மெய்ப்பூச்சி விரைந்து நீந்துவதில்லை. ஆகவே, எவ்வளவு அழகாகக் கட்டினாலும், வெடுக்கென்று இழுப்பவன் மீனை ஏமாற்ற முடியாது.

உயிரைக் கொல்லும் தொழிலில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கொல்லாமையை விரதமாகக் கொண்டவர்கள் தூண்டிலைத் தொடவேண்டாம். ஆயினும், அம்மருத்துவர் பார்த்த பார்வையை நாம் ஏற்றுக்கொள்ளலாம். பிறர் கட்டிய பூச்சியைப் பார்த்துக் கட்டுவது ஒரு வழி. மீன் உண்ட பூச்சியையே பார்த்துக் கட்டுவது மற்றொரு வழி. நம் வகுப்புகளில் பிள்ளைகள் கரும்பலகையிலுள்ள இலைப்படத்தைப் பார்த்து வரைகிறார்கள். சன்னலுக்கு வெளியே வேம்பு நிற்கிறது. ஓர் இலையைப் பறித்து வந்து அவர்கள் கையில் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?