கொள்வினை கொடுப்பினை: உலோக அயனிகளும் தமிழ்க் கலைச்சொற்களும்



இலக்கணத்திலும் வினை உண்டு. வேதியியலிலும் வினை உண்டு. என் துறை முன்னது. ஆயினும் இன்று பின்னதைப் பற்றியே பேச விழைகிறேன்.

அமிலக் கரைசல் ஒன்றில் இருவகை இரும்பு அயனிகள் உள்ளன. ஒன்றன் நேர்மின்னூட்டம் இரண்டு. மற்றொன்றன் மின்னூட்டம் மூன்று. முன்னது ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கப் பின்னது கொள்கிறது. கொடுத்தது மூன்றாகிறது, கொண்டது இரண்டாகிறது. கரைசலில் புறமாற்றம் ஏதுமில்லை. கதிரியக்க இரும்பை அடையாளமாக இட்டே இதன் வேகத்தை அளந்தனர். குரோமிய அயனிகளிடையே இதே பரிமாற்றம் ஏறத்தாழ இலட்சம் மடங்கு மெதுவாக நிகழ்கிறது.

அமிலம் எதற்கு? அது குறைந்தால் மூன்றேற்ற இரும்பு ஹைட்ராக்சைடைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். அப்பிணைப்பின் வழியே பரிமாற்றம் பலநூறு மடங்கு விரைவுபெறும். ஆகவே அமிலச் செறிவைக் குறிக்காத வேகக்கணக்கு பயனற்றது.

பரிமாற்றம் நிகழும் வழியைக் காட்டியவர் கனடாவில் பிறந்த ஹென்றி டாப். 1950களில், குளோரைடைப் பற்றியிருந்த மூன்றேற்றக் கோபால்ட்டை இரண்டேற்றக் குரோமியத்தோடு அமிலக் கரைசலில் கலந்தார். எலக்ட்ரான் குரோமியத்திலிருந்து கோபால்ட்டுக்குச் சென்றது; குளோரைடோ குரோமியத்திடம் வந்து சேர்ந்தது. மூன்றேற்றக் கோபால்ட் பற்றியதை எளிதில் விடாது. மூன்றேற்றக் குரோமியம் புதியதை எளிதில் ஏற்காது. எனவே, கைமாறும் கணத்தில் குளோரைடு இரண்டையும் இணைத்த பாலமாக இருந்திருத்தல் வேண்டும். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வினைகளில் ஆக்சிசன் எங்கே வந்தது? வரவே இல்லை. நாமோ எலக்ட்ரானை இழப்பதை 'ஆக்சிசனேற்றம்' என்கிறோம். ஆங்கிலத்திலும் இப்பழம்பெயரே நிலைத்துவிட்டது. அது அவர்கள் பாடு. எலக்ட்ரானைப் பெறுவதற்குத் தமிழக நூல்கள் 'ஒடுக்கம்' என்கின்றன. இலங்கை நூல்கள் 'தாழ்த்தல்' என்கின்றன. மலாய்ப் பாடநூலின் 'பெனுருனான்' என்பதும் இறக்குதலே. மூன்று இரண்டாவதைத் 'தாழ்த்தல்' தெளிவாகச் சொல்கிறது.

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் பயின்ற ஜொகூர் மாணவர், ஐந்தாம் படிவத்தில் இப்பாடத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எதிர்கொள்கிறார். அவருக்கு 'ஒடுக்கம்' எதையும் விளக்காது. 'தாழ்த்தல்' மலாய்ச் சொல்லோடு ஒட்டி நிற்கும். நம் கலைச்சொல் தொகுப்பில் அதனையே முதலில் வைக்க வேண்டுகிறேன். இழப்பதற்கு 'எலக்ட்ரான் கொடை' என்னலாம். தருதல் தன்மை முன்னிலைக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியர் வகுத்தார். இரும்பும் குரோமியமும் நமக்குப் படர்க்கைதாமே!