மேசைமேல் ஒரு போர்க்கப்பல்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காலத்தை எவ்வாறு கழிக்கிறார் என்று கேட்டால், கோயிலும் குளமும் என்பார்கள்; பேரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறார் என்பார்கள். நானோ தாம்பரத்தில் என் வீட்டு மாடி அறையில் அமர்ந்து கப்பல் கட்டுகிறேன். மின்சார ரயிலின் ஓசை ஒரு புறமும், விமானப் படைத் தளத்தின் விமான ஓசை மறு புறமும் கேட்கும் இந்த ஊரில், கடலுக்குப் பல மைல் தள்ளி, ஒரு மேசைமேல் கப்பல் கட்டுவதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் கட்டிய கப்பலின் பெயர் எம்டன். அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர் புன்னகை செய்வீர்கள். பொல்லாதவன், கெட்டிக்காரன், எளிதில் அகப்படாதவன் எவனையும் ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டல்லவா? கண்டிப்பான தகப்பனாருக்கும் வாத்தியாருக்கும் அந்தப் பட்டம் தவறாமல் கிடைக்கும். நான் வேலை பார்த்த பள்ளியில் மாணவர்கள் எனக்குச் சூட்டியிருந்த பெயரும் அதுவே. நேரில் ஒருவரும் சொன்னதில்லை. ஆயினும் நடைக்கூடத்தில் என் செருப்போசை கேட்டவுடன், ‘டேய், எம்டன் வருதுடா’ என்ற மெல்லிய குரலும், அதன் பின் ஒரு பேரமைதியும் உண்டாவதை நான் அறிவேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஒருவகைப் பெருமிதமும் இருந்தது.

அந்தப் பெயர் எனக்குப் புதியதன்று. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு பொழிந்தபோது, என் பாட்டியார் திருவல்லிக்கேணியில் ஒன்பது வயதுச் சிறுமி. வடக்கே வானம் செக்கச் செவேலென்று எரிந்ததையும், மறுநாள் ஊரே மூட்டை முடிச்சுகளுடன் ரயிலடிக்கு ஓடியதையும், தாம்பரத்தில் வண்டி நின்றபோது யாரோ ஒரு புண்ணியவான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததையும் அவர் சொல்லுவார். கப்பல் எவ்வளவு பெரியது என்று நான் கேட்பேன். ‘மலை மாதிரி’ என்பார். அவர் அந்தக் கப்பலைக் கண்ணால் கண்டவர் அல்லர். நானும் நெடுங்காலம் அதை மலையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த என் மகள் ஒரு பெட்டியைப் பரிசாகக் கொண்டுவந்தாள். ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் செய்த எம்டன் மாதிரி அது. ‘அப்பா, உங்கள் பெயரில் ஒரு கப்பல் இருந்தது’ என்று சொல்லிச் சிரித்தாள். திறந்து பார்த்தால் கப்பல் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் சில. ஒவ்வொரு சட்டத்திலும், மாமரக் கிளையில் பிஞ்சு தொங்குவதைப் போல, எண்ணிட்ட சிறு உறுப்புகள் பல. ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசிக் கப்பலாக்குவது நம் பொறுப்பு. உலகில் பல நாடுகளில் இக்கலைக்கு ஆர்வலர் உண்டு. இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் நிறுவனம் 1952இல் ஒரு பழைய பாய்மரக் கப்பலையும், அமெரிக்காவில் ரெவெல் நிறுவனம் 1953இல் மிசௌரி என்னும் போர்க்கப்பலையும் இவ்வாறு பிளாஸ்டிக்கில் வெளியிட்டன. அது முதல் இப்பழக்கம் பரவியது.

நான் கணித ஆசிரியன். பெட்டியின் மேல் 1:350 என்று அச்சிட்டிருந்தது முதலில் என் கண்ணில் பட்டது. உண்மையான எம்டனின் நீளம் ஏறத்தாழ 118 மீட்டர். அதை 350ஆல் வகுத்தால் 34 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாணவர் கையிலிருக்கும் ஓர் அடி அளவுகோலைவிடச் சிறிதே நீளம். அகலம் 13½ மீட்டர். மாதிரியில் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. மாதிரியின் தளத்தில் மாலுமி ஒருவன் நின்றால் அவன் உயரம் ஓர் அரிசி மணியின் நீளம். எடையைக் கணக்கிடும்போதுதான் வேடிக்கை. நீளம் 350 மடங்கு குறைந்தால், எடை 350ஐ மும்முறை பெருக்கிய அளவு, அதாவது நாலு கோடியே இருபத்தெட்டு லட்சம் மடங்குக்கும் மேல் குறைய வேண்டும். 3,660 டன் கொண்ட எம்டன் அந்தக் கணக்கில் ஏறத்தாழ 85 கிராம். ஒரு பெரிய எலுமிச்சம் பழத்தின் எடைதான், நேயர்களே!

இன்னும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றிரவு எம்டன் கரையிலிருந்து சுமார் மூவாயிரம் கெஜத் தொலைவில் நின்று சுட்டது. அதே விகிதத்தில் அது எட்டு மீட்டருக்கும் குறைவு. என் வீட்டுக் கூடத்தின் கோடியில் மாதிரியை வைத்தால், தெருவாசற்படிதான் சென்னைக் கடற்கரை. அவ்வளவு அருகில் வந்து, ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை எரிய விட்டு, அரை மணி நேரத்துக்குள் இருளில் மறைந்துவிட்டது. தலைவரான கார்ல் பான் முல்லரின் குறி எண்ணெய்த் தொட்டிகளே. ஆயினும் உயிர்ச் சேதமும் நேர்ந்தது. அந்த நிகழ்ச்சியை நினைவூட்டும் கல்வெட்டு ஒன்று சென்னை உயர் நீதிமன்ற மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது. ஊரை ஓடச் செய்தது கப்பலின் பருமன் அன்று. அது எப்போது, எங்கே வரும் என்று தெரியாமையே. என் பாட்டியார் கண்ட மலை, இருட்டும் வதந்தியும் சேர்ந்து எழுப்பிய மலை.

இனிக் கட்டும் முறைக்கு வருகிறேன். இதற்கு வேண்டிய கருவிகள் அதிகமில்லை. கூரிய கத்தி ஒன்று, நுண்ணிய அரம் ஒன்று, இரண்டு மூன்று தரத்து உப்புத்தாள். இவற்றைத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் வாங்கினேன். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியும், நுனி கெடாத ஓர் இடுக்கியும் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சாமான்களுக்கு நடுவே கிடைத்தன.

பசை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். காகிதத்தை ஒட்டும் பசை இரண்டு தாள்களுக்கும் நடுவே நின்று அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் திரவமோ இரு விளிம்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. உலர்ந்த பின் பிரிக்க முயன்றால் உறுப்பு உடையுமேயன்றிப் பிரியாது. ஆகையால் ஒட்டுவதற்கு முன் பசையின்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். பழைய புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டும். மறுபடியும் பொருத்திப் பார்க்க வேண்டும். அவசரக்காரனுக்கு இத்தொழில் ஆகாது. முதல் மாதத்தில் முன்தளத்துப் பீரங்கி ஒன்றைக் கோணலாக ஒட்டிவிட்டேன். அது இன்றும் கோணலாகவே நிற்கிறது.

நுண்வேலையில்தான் மாதிரியின் உயிர் இருக்கிறது. தளத்தின் விளிம்பில் உள்ள கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பருமன் என்றால் மிக மெல்லியது என்று தோன்றும். அதை 350ஆல் பெருக்கினால் பத்துச் சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. மூங்கில் கழியைக் கட்டி வேலி போட்டாற்போல் இருக்கும். ஆகவே, அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகட்டில் அமைந்த கம்பிகளைத் தனியே வாங்கிப் பொருத்துகிறார்கள். பாய்மரங்களுக்கு இடையே ஓடும் கயிறுகளுக்கு ஓர் எளிய வழி உண்டு. உறுப்புகளை வெட்டியெடுத்த பின் மீந்திருக்கும் சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், மெல்லத் திருப்பிக் காட்ட வேண்டும். அது இளகிப் பளபளக்கும் கணத்தில் சுடரை விட்டு விலக்கி இரு கைகளாலும் இழுத்தால், தலைமயிர் போன்ற இழை நீண்டு வரும். தலைமயிரின் பருமனை 350ஆல் பெருக்கிப் பாருங்கள். கப்பல் கயிற்றுக்குப் பொருத்தமான கனம் வருகிறது.

வண்ணம் பூசுவதற்கு நம் ஊரின் காலநிலையும் இசைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூசினால், காற்றின் ஈரம் பட்டு மேற்பரப்பு வெண்மை பூத்துப் போகிறது. ஒரு பக்கத்தை முழுதும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தை மாதம் வரை காத்திருந்தேன். எந்த வண்ணம் என்பதும் ஆராய வேண்டிய ஒன்றே. சமாதான காலத்தில் எம்டன் வெள்ளை வண்ணம் பூண்டிருந்தது. அதனால் ‘கீழ்த்திசையின் அன்னம்’ என்று பெயர் பெற்றது. போர் தொடங்கியதும் சாம்பல் நிறமாயிற்று. சென்னைக்கு வந்தது அந்தச் சாம்பல் நிறத்து எம்டன்.

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. ஆங்கிலேயரின் யார்மத் என்னும் கப்பலுக்கோ நான்கு. பகைவரை ஏமாற்றுவதற்காக எம்டனின் மாலுமிகள் துணியால் ஒரு போலிப் புகைபோக்கி செய்து நிறுத்தினார்கள். முதலில் செய்தது தட்டையானது. பக்கத்திலிருந்து பார்த்தால் புகைபோக்கி, முன்னிருந்து பார்த்தால் வெறும் துணிப்பட்டை. பிறகு அதைத் திருத்திக்கொண்டார்கள். 1914 அக்டோபர் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தபோது இந்த வேஷம் நன்றாகப் பலித்தது. என் மாதிரிக்கும் காகிதத்தில் ஒரு நான்காம் புகைபோக்கி செய்து வைத்திருக்கிறேன், அதை ஒட்டவில்லை. பார்க்க வரும் பிள்ளைகளிடம் அதை வைத்தும் எடுத்தும் காட்டுவேன்.

மூன்று புகைபோக்கிகளையும் வரிசையாக நிறுத்திப் பசை உலரக் காத்திருந்த ஒரு பிற்பகலில்தான், நான் மறந்தே போயிருந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நேர்மை ஆகாது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் விகிதமும் விகித சமமும் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் குனிந்தபடி ஏதோ செய்துகொண்டிருந்தான். அருகே போனேன். மடியில் தீப்பெட்டி அட்டையால் செய்த கப்பல் ஒன்று. பீரங்கிகளுக்குத் தீக்குச்சி; புகைபோக்கிகளுக்குப் பேனா ரீபில் துண்டுகள். பக்கவாட்டில் நீல மையால் ‘எம்டன்’ என்று எழுதியிருந்தது. என்னைக் கேலி செய்கிறான் என்று கொண்டேன். வகுப்பின் நடுவே அதை வாங்கிக் காலால் மிதித்தேன். அந்தப் பையன் அழவில்லை. ‘சார், அது கப்பல் சார்’ என்று மட்டும் சொன்னான். அதையும் துடுக்கான பதில் என்றே எடுத்துக்கொண்டு, பாடவேளை முடியும் வரை அவனை நிற்க வைத்தேன்.

அந்தக் கப்பலில் ரீபில் துண்டுகள் மூன்று இருந்தன, நேயர்களே. நான்கு அல்ல, இரண்டும் அல்ல, மூன்று. நடுவில் இடைவெளி விட்டு ஒரே வரிசையில் நின்றன. எங்கோ ஒரு படத்தைப் பார்த்து, எண்ணி, அளந்து, தன்னால் இயன்றதைக் கொண்டு அவன் அதைச் செய்திருக்கிறான். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த விகிதத்தை, அந்த வகுப்பில் அன்று உண்மையாகவே செய்துகொண்டிருந்தவன் அவன் ஒருவனே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ‘செய்து கற்றல்’ என்பது பற்றியும், காந்தியடிகளின் ஆதாரக் கல்வியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது என் கண்முன் நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எம்டன் கப்பலின் கதையை முழுதும் படித்த பின் எனக்கு இன்னொன்றும் விளங்கிற்று. முல்லர் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தவர். பிடிபட்டவர்களைத் துன்புறுத்தாமல், பிடித்த கப்பல்களுள் ஒன்றிலேயே ஏற்றிக் கரைக்கு அனுப்பிவைத்தார். பகைவர்களும் அவரை மதித்தார்கள். 1914 நவம்பர் 9ஆம் தேதி, கோகோஸ் தீவுகளின் அருகே, தன்னைவிடப் பெரிய பீரங்கிகள் கொண்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் தோற்று, எம்டன் பவளப் பாறையில் மோதி நின்றது. அதில் இருந்தோரில் நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பெயரைப் பெற்றதற்காகப் பெருமிதம் கொண்ட நான், அதன் தலைவரிடமிருந்த நிதானத்தில் சிறிதளவு பெற்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் மாடி அறைக்கு வருகிறார்கள். விலை உயர்ந்த பெட்டிகள் தேவையில்லை. அட்டையும் தீக்குச்சியும் போதும். அவர்களுக்கு நான் சொல்லும் விதிகள் இரண்டே: அளந்து பார்த்துச் செய், ஒட்டுவதற்கு முன் ஒரு முறை யோசி. இரண்டாவது விதியை எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன். இதைக் கேட்கும் பெற்றோர்களையும் ஆசிரிய நண்பர்களையும் வேண்டுவது ஒன்றுதான். ஒரு பிள்ளை குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தால், அதைப் பிடுங்குவதற்கு முன் ‘இது என்ன?’ என்று கேளுங்கள். கேட்ட பின் அவன் சொல்லும் பதிலை நம்புங்கள்.

அன்று நின்ற அந்தச் சிறுவனுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவர் எங்கிருக்கிறார் என்று விசாரித்தும் தெரியவில்லை. இந்த நேரத்தில் எங்கேனும் வானொலிக்கு அருகில் இருப்பாரானால், அவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, அது கப்பல்தான். புகைபோக்கிகளின் எண்ணிக்கையும் சரிதான்.

வணக்கம்.