அந்த 1560ஐ என்ன செய்வது?

இந்த வாரம் ஒரு மெயிலோட ஆரம்பிக்கலாம். ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பொண்ணுக்குப் பத்து வயசு. ஃபிடே ரேட்டிங் ஒன்றரை வருஷமா 1560 பக்கத்திலேயே நிக்குது. ஆனா லிசெஸ்ல 1900 காட்டுது. எந்த நம்பரை நம்புறது, கோச்சிங்கை நிறுத்திடலாமான்னு கேக்குறாங்க.

முதல்ல, ரேட்டிங்னா என்ன? ஆர்பாட் ஈலோ, அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியர். அவர் முறையை ஃபிடே 1970இல் ஏத்துக்கிட்டது. அது அளக்கிறது வித்தியாசத்தை மட்டும்தான். ரெண்டு பேருக்கு நடுவில் 200 புள்ளி இருந்தா, நூறு ஆட்டத்தில் மேல இருக்கிறவருக்கு சுமார் 76 பாயின்ட் கிடைக்கணும். அவங்க 1600, 1400ஆ இல்ல 2600, 2400ஆங்கிறது ஃபார்முலாவுக்குத் தெரியாது. நாளைக்கே எல்லாருக்கும் ஆயிரம் புள்ளி கூட்டினாலும் ஒரு கணிப்புகூட மாறாது.

எங்க வீட்டில் இதனால பல வருஷச் சண்டை. அப்பா ஆனந்த் ரசிகர், மாமா ஃபிஷர் பக்தர். 2011 மார்ச்சில் ஆனந்த் 2817. 1972இல் ஃபிஷர் 2785. "32 புள்ளி கூட, விஷயம் முடிஞ்சது" என்பார் அப்பா. மாமா விடமாட்டார். 1972இல் அடுத்த இடத்தில் இருந்த ஸ்பாஸ்கி 2660, அதாவது 125 கீழே. 2011இல் ஆனந்துக்கு அடுத்து கார்ல்சன், 2815. வெறும் ரெண்டு! ஃபிஷர் தன் காலத்து ஆட்களை விட்டு எவ்வளவு விலகி நின்னார்னு மாமாவோட கணக்கு சரியாவே சொல்லுது. செஸ் அறிவுன்னு பார்த்தா 2011 ஆனந்த்தான் மேலன்னு நானும் நினைக்கிறேன். ஆனா அதுக்குச் சாட்சி அந்த 32 இல்லை.

கம்ப்யூட்டர் கதை இன்னும் மோசம். ஸ்டாக்ஃபிஷ் 3600க்கு மேல, கார்ல்சனோட உச்சம் 2882, கழிச்சுப் பாருன்னு சொல்வாங்க. அந்த 3600 புரோகிராம்கள் தங்களுக்குள்ளேயே ஆடி வாங்கினது. 1997இல் காஸ்பரோவ் டீப் ப்ளூவிடம் தோத்தாரே, அந்த மாதிரி போட்டிகள் இப்ப கிட்டத்தட்ட கிடையாது. யார் பலசாலிங்கிறதில் சந்தேகமே இல்லை. எவ்வளவுன்னு சொல்லத்தான் வழியில்லை. பொது கீ இல்லாத ரெண்டு டேபிளை ஜாயின் பண்ற வேலை அது. எங்க ஆபீஸ்ல ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவோம்.

லிசெஸ் 1900ம் அப்படித்தான். ஆட்கள் வேற, ஃபார்முலா வேற, ஆரம்பப் புள்ளியே 1500. அதை 1560 பக்கத்தில் வைக்காதீங்க.

சரி, 1560 ஏன் நகரலை? பசங்க பெரும்பாலும் பசங்களோடவே ஆடுறாங்க. ஒருத்தி வாங்குற புள்ளி இன்னொருத்தி இழந்தது. எல்லாரும் சேர்ந்து முன்னேறினா நம்பர் அப்படியே நிக்கும். கீழ்மட்டம் இப்படி அமுங்கிப் போனதைப் பார்த்துத்தான் 2024 மார்ச் 1 அன்னிக்கு, 2000க்குக் கீழ இருந்தவங்களுக்கு ஃபிடே புள்ளி ஏத்திக் கொடுத்தது; 2000க்கு எவ்வளவு குறையுதோ அதில் ஐந்தில் ரெண்டு பங்கு. என் 1412 அன்னிக்கு 1647 ஆச்சு. நான் புதுசா ஒண்ணும் கத்துக்கலை. (அப்பா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுட்டார்.)

அந்த அம்மாவுக்கு ஒண்ணுதான் எழுதினேன்: ஒன்றரை வருஷத்துக்கு முந்தின ஸ்கோர்ஷீட்டை எடுத்து அவ முன்னாடி வைங்க. நேத்து பதில் வந்தது. ஒரு ஆட்டத்தைப் போட்டுப் பார்த்திருக்கா. பன்னிரண்டாவது நகர்த்தலில் நிறுத்தி, "குதிரை போகுதே, இதுகூடவா எனக்குத் தெரியலை?"ன்னு சிரிச்சாளாம். சனிக்கிழமை கோச்சிங் தொடருது.