பாதி வழியில் திரும்பியவர்கள்

 

பரிசளிப்பு விழாவில் வெற்றி பெற்றவர்களைப் பாராட்டுவது வழக்கம். நானோ இன்று, மலையேறப் போய்ப் பாதியில் திரும்பியவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் கெடாவில் ஜெராய் மலையைத் தெரியாதவர் உண்டா? உயரம் சுமார் 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு இம்மலைதான் அடையாளம். 1025-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசேந்திர சோழனின் படை தாக்கிய கடாரம் இந்த வட்டாரமே என்பர் அறிஞர். மலையடியில், மெர்போக்கில், புக்கிட் பத்து பகாட் என்ற பழைய கற்கோயிலின் அடித்தளம் இன்றும் இருக்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, "நேரில் பார்க்கணும் சார்" என்றார்கள் மாணவர்கள். ஒரு வியாழக்கிழமை, மறுநாள் விடுமுறை. பள்ளி முடிந்தது. மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு பெற்றோரும் வந்தார்கள். கோயிலைப் பார்த்த பிறகு, மலையடி ஆற்றோரமாக ஏறினோம். பாதை முழுக்கப் பாறை. வெயில் பட்ட கல் சுட்டது. நிழலில் கிடந்த கல் பாசி பிடித்து வழுக்கியது.

அரைமணி நேரம் ஏறியிருப்போம். வந்திருந்த தகப்பனார் ஒருவர் நின்றுவிட்டார்.

"சார், மேலே இருட்டிக்கிட்டு வருது. தண்ணி கலங்குது. இலையும் குச்சியுமா வருது பாருங்க. கரையேறிடலாம்."

எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். "இன்னும் பத்து நிமிசந்தாண்ணே" என்றேன். அவர் வாதாடவில்லை. சின்னப் பிள்ளைகள் இருவரின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டார். வேறு வழியின்றி நாங்களும் ஏறினோம்.

கால்மணி நேரத்தில், நாங்கள் நின்ற பாறைகளைக் காணோம்! செந்நீரும் மரக்கட்டைகளும் உருண்டு போயின.

மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயெர்' என்பார்கள். அடிவாரத்தில் ஒரு துளி விழாவிட்டாலும், உச்சியில் பெய்த மழை திடீரென்று பாய்ந்து வரும். 2021 ஆகஸ்டு 18-ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் உயிர்களைப் பலி கொண்டதை நாம் மறக்க முடியுமா?

பயிற்சிச் சான்றிதழ் பெற்ற எனக்கு மலையின் உயரம் தெரிந்திருந்தது, வானம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. மழை வந்தால் மங்கிலுள்ள பால் வீண், அன்றைய கூலியும் வீண். அதனால் விடியுமுன்னே வானத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்த படிப்பு அது.

அவர் மகனும் எங்களோடு இருந்தான். முந்தின வாரந்தான், "எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று வகுப்பில் சொன்னவன். இறங்கும்போது அப்பாவின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை.

மாணவர்களே! மலைக்குப் போங்கள். ஆனால் விவரம் தெரிந்த பெரியவரோடு போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். தண்ணீர் கலங்கினால் ஒரு நொடியும் நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். வீட்டில் அப்பா அம்மாவிடம் அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டுப் படியுங்கள்.

இன்று பரிசு கிடைக்காதவர்களும் மனம் தளர வேண்டாம். பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரியில், வறட்சிக் காலத்தில், அதே வழியில் மீண்டும் போனோம், ஏறியும் முடித்தோம். மலை எங்கேயும் போய்விடவில்லை.