பார்த்த பிறகு என்ன செய்கிறோம்?



ஐம்பது வயதைத் தாண்டிய நம்மில் பலருக்குச் சென்னைத் தொலைக்காட்சியின் ‘முன்னோட்டம்’ நினைவிருக்கும். அடுத்த வாரம் என்னென்ன நிகழ்ச்சிகள் வரப்போகின்றன என்று முன்கூட்டியே சொல்வார்கள். பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில், ஊருக்கு ஒன்றாக இருந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை என்ன படம் என்பதற்காகவே அதைப் பார்த்தவர்கள் நாம். ஆவணப்படம் என்று அறிவித்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். நாடகம் என்றால் பெண்கள் மட்டும் இருப்பார்கள்.

இன்று வீட்டுக்கு வீடு பெட்டி இருக்கிறது. கையிலும் ஒன்று இருக்கிறது. எதைப் பார்ப்பது என்பதை நாமே தேர்ந்துகொள்கிறோம். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் பொதுத் தொலைக்காட்சிகள் ஆவணப்படங்களையும் நாடகங்களையும் இன்னும் ஒளிபரப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. வரும் வாரத்திலும் ஏதாவது வரும். அதைப் பார்க்கலாமா, பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்பதை இன்றைய நற்செய்தியின் ஒளியில் சிந்திப்போம்.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் நல்ல சமாரியர் கதை நமக்கு மனப்பாடம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவரைக் கள்வர் அடித்துக் குற்றுயிராய் விட்டுப் போகிறார்கள். அவ்வழியே ஒரு குரு வருகிறார், ஒரு லேவியர் வருகிறார், ஒரு சமாரியர் வருகிறார். இந்த மூவரிடமும் பொதுவாக உள்ள ஒன்றை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். மூன்று பேருமே அவரைப் பார்த்தார்கள்! குருவுக்குக் கண் தெரியாமல் இல்லை. லேவியருக்குச் செய்தி எட்டாமல் இல்லை. வேறுபாடு பார்த்ததில் இல்லை, பார்த்த பிறகு நடந்ததில் இருக்கிறது.

ஒரு கதை நம்மை எப்படி அசைக்கிறது என்பதைப் பழைய ஏற்பாடு அழகாகக் காட்டுகிறது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் சாகவிட்ட தாவீது அரசரிடம் இறைவாக்கினர் நாத்தான் போகிறார். நேரடியாகக் குற்றம் சாட்டியிருந்தால் அரசர் ஆயிரம் நியாயம் சொல்லியிருப்பார். நாத்தான் ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுமாடுகள் உள்ள ஒரு செல்வர், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காக, ஏழை ஒருவர் மகளைப் போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டார் என்றார். தாவீது கொதித்துப் போனார், அவன் சாக வேண்டியவன் என்றார். அப்போதுதான் நாத்தான், அந்த ஆள் வேறு யாருமல்ல, நீர்தான் என்று அரசரைச் சுட்டிக்காட்டினார். நல்ல நாடகமும் நல்ல ஆவணப்படமும் செய்ய வேண்டிய வேலை இதுதான். யாரோ ஒருவருடைய கதை என்று நம்பி உட்கார்ந்திருக்கும்போது, அது நம் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூர்தர்ஷன் ‘தமஸ்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. தமஸ் என்றால் இருள். பீஷ்ம சாஹ்னி எழுதிய இந்தி நாவலை கோவிந்த் நிஹலானி படமாக்கியிருந்தார். நாட்டுப் பிரிவினையை ஒட்டிய கலவரங்கள்தான் கதை. தோல் தொழிலாளியான நத்து என்ற ஏழையிடம், கால்நடை மருத்துவருக்கு வேண்டும் என்று பொய் சொல்லி, ஐந்து ரூபாய் கொடுத்து ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். மறுநாள் அதன் உடல் பள்ளிவாசல் படியில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது. தொடரைத் தடை செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் தொடரைப் பார்த்துவிட்டு, ஒளிபரப்பலாம் என்று தீர்ப்பளித்தார்கள். உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடந்ததை மறைத்தால் அது மறுபடியும் நடக்கும் என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

அப்போது நாங்கள் இளங்குருமடத்து மாணவர்கள். இந்தி தெரியாது. தெரிந்த ஒரு அருள்சகோதரர் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லப் பார்த்தோம். அடுத்தவரைக் கொண்டு அழுக்கு வேலையைச் செய்வித்துவிட்டுத் தம் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்ட அந்த மனிதர்மேல் எங்களுக்கு அப்படி ஒரு கோபம்!

நாடகத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. பிரிட்டனில் கிளை அஞ்சலகங்கள் பலவற்றைச் சிறு கடைக்காரர்கள் ஒப்பந்த முறையில் நடத்துகிறார்கள். 1999 முதல் அங்கே ‘ஹொரைசன்’ என்ற கணினி முறை புகுத்தப்பட்டது. அதில் இருந்த பிழைகள், இல்லாத பணக்குறைவைக் கணக்கில் காட்டின. பழி நடத்துநர்கள்மேல் விழுந்தது. 900க்கும் மேற்பட்டோர் திருடர்கள், மோசடிக்காரர்கள் என்று தண்டனை பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் வீட்டை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. நம் துணைக்கண்டத்து வம்சாவளியினரும் அவர்களில் பலர். ஒரு கணினித் துறைப் பத்திரிகை 2009இலேயே இதை எழுதியது. 2015இல் பிபிசி தன் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் காட்டியது. 2019இல் உயர் நீதிமன்றம் கணினி முறையின் குறைகளை உறுதிப்படுத்தியது. அப்படியிருந்தும் பெரும்பாலோரின் பெயரில் இருந்த கறை நீங்கவில்லை.

2024 சனவரி 1 முதல் 4 வரை, பொதுச் சேவைக் கடமைகள் கொண்ட ஐடிவி அலைவரிசையில் இந்தக் கதை நான்கு இரவுகள் நாடகமாக வந்தது. நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். சனவரி 10ஆம் தேதி, தண்டனைகளை நீக்கச் சட்டம் கொண்டுவரப்படும் என்று பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மே மாதம் சட்டம் வந்தது. புதிய உண்மை எதுவும் அந்த நான்கு இரவுகளில் கண்டுபிடிக்கப்படவில்லை. தெரிந்திருந்த உண்மைக்கு ஒரு முகம் கிடைத்தது. விதைத்தவர்கள் பத்திரிகையாளர்களும் ஆவணப்படக்காரர்களும். அறுவடை நாடகத்துக்குக் கிடைத்தது.

சகோதர சகோதரிகளே, ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் எங்கள் பங்கு இல்லத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மறையுரை முழுமையாகாது.

ஒரு ஞாயிறு மாலை, கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை இளையோரோடு சேர்ந்து பார்த்தோம். மனிதரே மனிதக் கழிவை அள்ளும் வேலையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, ஆனாலும் விஷவாயு தாக்கிச் சாவது நிற்கவில்லை என்பதைப் பார்த்துப் பலர் கண்கலங்கினார்கள். ஒரு மணி நேரம் கலந்துரையாடினோம். மனித மாண்பைப் பற்றி நாங்கள் உருக்கமாகப் பேசினோம்.

பத்து நாள் கழித்து, பங்கு இல்லத்துச் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரி வந்தது. குழாய் உறிஞ்சியது போக அடியில் சகதி நின்றுவிட்டது. வந்த இருவரில் இளையவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இடுப்பில் கட்டினார். நாங்கள் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூலியைக் கொஞ்சம் குறைத்துப் பேசி முடித்த திருப்திகூட இருந்தது. நத்துவுக்கு ஐந்து ரூபாய் கொடுத்தவர்மேல் ஒருகாலத்தில் கோபப்பட்டது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை.

மறைக்கல்வி வகுப்புக்கு வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாசலில் நின்று மேலே பார்த்து, “ஃபாதர், அன்னைக்குப் படத்துல பார்த்தோமே, அது இதானே?” என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நாத்தானின் குரல் அதில் இருந்தது. இறங்கிப் போய் வேலையை நிறுத்தினோம். அந்தத் தம்பி எங்களை ஆச்சரியமாகப் பார்த்து, “இறங்கலைன்னா கூலி கிடைக்காதே சாமி” என்றார். அவருடைய கவலை விஷவாயு அல்ல, அன்றைய அரிசி. பேசிய கூலியையும் குறைத்த தொகையையும் சேர்த்துக் கொடுத்தோம். அவர் பெயரை அப்போதுதான் கேட்டோம். தண்ணீர் பாய்ச்சிச் சகதியைக் கரைத்து, மறுநாள் லாரியை மீண்டும் வரவழைத்து எடுத்தோம். செலவு இரண்டு மடங்கு ஆனது. அன்று அவர் இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். அது எங்கள் மனத்தைத் தேற்றவில்லை. கதையில் பார்த்துவிட்டு விலகிப் போன முதல் ஆள் ஒரு குரு என்பதை இயேசு சும்மா சொல்லவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் தேதி வெளியிட்ட சமூகத் தொடர்பு பற்றிய விதித்தொகுப்பு, நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவர்களின் கடமைகளோடு, பார்ப்பவர்களின் கடமைகளையும் பேசுகிறது. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதே ஒரு மனச்சான்றுச் செயல் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது. ஆகவே வரும் வாரத்துக்கு நம் குடும்பங்களில் மூன்று காரியங்களைச் செய்து பார்ப்போமா?

முதலாவது, கையில் கிடைத்ததைப் பார்க்காமல், வாரத் தொடக்கத்திலேயே நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து, நல்ல ஆவணப்படமோ நாடகமோ ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். இரண்டாவது, ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்காராமல், அதைச் சேர்ந்து பார்ப்போம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அதட்டி அடக்க வேண்டாம். அந்தக் கேள்விகளில் கடவுள் பேசக்கூடும். மூன்றாவது, பெட்டியை அணைத்த பிறகு, இந்தக் கதையில் நாம் யார், நம் தெருவில் இது எங்கே நடக்கிறது என்று கேட்டு, அதற்காகச் செய்யக்கூடிய ஒரே ஒரு சிறு காரியத்தை அந்த வாரமே செய்வோம். சமாரியர் உலகத்தையே மாற்றவில்லை. எண்ணெய் வார்த்தார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடிக்காரரிடம் இரண்டு நாள் கூலியைக் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார்.

ஆண்டவரே, பார்க்கக் கண்களைத் தந்தீர். பார்த்ததும் விலகிப் போகாத கால்களையும் எங்களுக்குத் தாரும். கதை முடிந்ததும் காய்ந்துவிடும் கண்ணீரோடு நாங்கள் நின்றுவிடாதபடி செய்தருளும். எங்கள் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்கும் சிறியவர்களின் குரலில் உம்மை அடையாளம் காண வரம் தாரும். ஆமென்.