எண் எழுதிய நாற்காலி
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரைபடக் கூடத்தின் பிரம்பு நாற்காலிகளை ஏலம் விட்டுப் புதுசு வாங்கலாம் என்று ஒரு தீர்மானம் இன்று வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் விமானத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். உட்கார்ந்த இருக்கையைக் குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்? அலுமினியச் சட்டம், தேவைக்கு மேல் ஒரு திருகு கிடையாது. எடை கூடினால் எரிபொருள் கூடும் அல்லவா? அந்தச் சிக்கனமே ஓர் அழகு. அதனால்தான் ஓய்வு பெற்ற விமானங்களின் இருக்கைகளை வெளிநாட்டில் வரவேற்பறையில் போட்டுக்கொள்கிறார்கள். தயாரித்தவர் பெயரும் எண்ணும் போட்ட தகடு அதில் இருக்கும். அது போனால் இருக்கையின் பூர்வீகமும் போச்சு.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. சண்டிகர் நகரம் உருவான 1950-களில், லெ கொர்பூசியேவின் உறவினர் பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்கு நாற்காலி வடிவமைத்தார். தேக்கும் பிரம்பும்தான். விரித்த கவராயம் மாதிரிக் கால்கள். பழசானதும் மொட்டை மாடியில் குவித்து, கழிவு விலைக்கு ஏலம் விட்டார்கள். வாங்கிய வியாபாரிகள் பழுது பார்த்து, வெளிநாட்டு ஏலங்களில் லட்சக் கணக்கில் விற்றார்கள். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தடை உத்தரவு போட்டது. அதற்குள் ஏராளமானவை கடல் தாண்டிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், யாரோ ஒரு குமாஸ்தா பெயின்டில் எழுதி வைத்த இலாகா எண்தான் இன்று அசலுக்கு அத்தாட்சி!

ஸ்ரீரங்கத்து வீதிகளில் பழைய வீடு இடிபடும்போது ஊஞ்சல் பலகையும் சாய்வு நாற்காலியும் வண்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். வாங்குகிறவருக்கு மதிப்பு தெரியும். கொடுக்கிறவருக்கு இடத்தை அடைக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

நம் நாற்காலி லட்சத்துக்குப் போகும் என்று நான் சொல்ல வரவில்லை. போகாது. ஆனால் எந்த மரம், எந்த இணைப்பு, எந்த ஆண்டு வந்தது என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லையே! முதுகில் வெள்ளை எண் இருக்கிறது. அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள்தான் வேண்டும்.

ஏலத்துக்கு முன் ஒரு வாரம் கொடுங்கள். மாணவர்கள் ஒவ்வொரு வகையையும் அளந்து வரையட்டும். வகைக்கு இரண்டை நிறுத்தி வைப்போம். பிரம்பு பின்னுகிற பெரியவர் ஒருவரை அழைத்து அந்த வேலையையும் கற்றுக்கொள்ளட்டும். கூலியை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும். மிச்சத்தைத் தாராளமாக விற்கலாம். வார்னிஷ் அடிக்கிறேன் என்று எண்ணை மட்டும் சுரண்டிவிடாதீர்கள்!

தீர்மானத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டு அமர்கிறேன்.